வாய்வழி மார்பின்: மலச்சிக்கல், குமட்டல், தூக்கக் கலக்கத்தை வீட்டில் சமாளிப்பது

மாத்திரைச்சீட்டு (இழையைத் தொடங்கியவர்)

புற்றுநோய் வலிக்கு மார்பின் எழுதிக் கொடுத்த பிறகு வீட்டில் அது பாதியில் நின்றுபோகிறதென்றால், பெரும்பாலும் வலி கேட்காததால் அல்ல. நாலு நாள் மோஷன் போகவில்லை, குமட்டுகிறது, ஆள் தூங்கிக்கொண்டே இருக்கிறார், ‘இந்த மாத்திரை ஒத்துக்கலை’ என்று வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார்கள். வலி பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. இந்த மூன்றையும் முன்கூட்டியே தடுக்கலாம், வந்தாலும் சரிசெய்யலாம். அதற்காகத்தான் இந்த இழை. மருந்துக் கடை, வார்டு, வீட்டுப் பராமரிப்பு என்று இந்த வேலையில் இருப்பவர்கள் சேர்த்து எழுதுங்கள்.

முதலில் நேரக் கணக்கு. தொந்தரவுகளில் ஒரு பகுதி இதில்தான் பிறக்கிறது. சாதாரண மார்பின் மாத்திரை (10 மி.கி. என்று வருவது) விழுங்கி 20, 30 நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் உச்சம், நாலு மணி நேரத்தில் இறங்கிவிடும். அதனால் காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று ஐந்து வேளை எழுதுவார்கள். இரவு 10 மணிக்கு மட்டும் இரட்டை அளவு இருக்கும். நள்ளிரவு 2 மணிக்கு எழுப்ப வேண்டாம் என்பதற்காக அந்த ஏற்பாடு. இதை யாரும் விளக்காத வீட்டில் 10 மணிக்கு இரண்டு கொடுத்து, 2 மணிக்கு எழுப்பி இன்னொன்றும் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை ஆள் எழுந்திருப்பதில்லை.

இதற்கு முன் டிராமடால் (மார்பினை விட வீரியம் குறைந்த, அதே வகை வலி மாத்திரை) சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பழைய ஸ்ட்ரிப்பை எடுத்து வைத்துவிடுங்கள். மார்பின் தொடங்கும்போது டாக்டர்கள் அதை நிறுத்திவிடுவது வழக்கம். சீட்டில் ‘நிறுத்தவும்’ என்று எழுத விட்டுப்போனால் வீட்டில் இரண்டும் போய்க்கொண்டிருக்கும். சந்தேகமிருந்தால் கேட்டுவிடுங்கள்.

---

கொள்ளிடம்

மலச்சிக்கலை நான் எழுதுறேன் சார். குமட்டலும் தூக்கமும் ஒரு வாரத்துல உடம்புக்குப் பழகிப்போகும், இது பழகாது. மார்பின் எத்தனை மாசம் போகுதோ அத்தனை மாசமும் இருக்கும். குடல் சுவர்லயும் இந்த மருந்து போய் ஒட்டுற இடங்கள் இருக்கு. ஒட்டினதும் குடலோட தள்ளுற அசைவு மந்தமாயிடும், மலம் உள்ளேயே கிடக்கும், கிடக்கக் கிடக்க தண்ணி உறிஞ்சப்பட்டு இறுகும். ஆசனவாய்த் தசையும் இறுக்கமா இருக்கும். ஆக மூணு தடை.

அதனால மார்பினோட முதல் மாத்திரை போற அன்னிக்கு ராத்திரியே மலமிளக்கி போகணும். ‘சிக்கல் வந்தா பார்த்துக்கலாம்’னு காத்திருக்கவே கூடாது.

எது கொடுக்கணும்? தள்ளுற வேலை நின்னிருக்கிறதால, தள்ளுற மருந்துதான் முதல்ல வேணும். பிசாகோடில் 5 மி.கி. ரெண்டு மாத்திரை ராத்திரி படுக்கும்போதுன்னு ஆரம்பிப்பாங்க. 6 முதல் 12 மணி நேரத்துல வேலை செய்யும், அதாவது காலையில. இந்த மாத்திரையைப் பாலோட கொடுக்காதீங்க, ஜெலுசில் மாதிரி அசிடிட்டி மருந்தோடயும் கொடுக்காதீங்க, நடுவுல ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்க. மேல ஒரு பூச்சு இருக்கு, அது குடல்லதான் கரையணும். பால் பட்டா வயித்துலயே கரைஞ்சு முறுக்கிப் பிடிக்கும். ராத்திரி பால் குடிச்சிட்டு மாத்திரை போடுற பழக்கம் நம்ம வீடுகள்ல ரொம்ப. ‘இந்த மாத்திரை போட்டா வயிறு வலிக்குது’ன்னு சொல்றவங்க கிட்ட முதல்ல இதைத்தான் கேட்கணும். பொடிச்சும் கொடுக்கக் கூடாது, காரணம் அதேதான்.

கூடவே இளக்குற மருந்து. லாக்டுலோஸ் சிரப் 15 மில்லி ரெண்டு வேளை, தேவைப்பட்டா 30 மில்லி வரைக்கும் போவாங்க. வேலை செய்ய ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். வயிறு உப்பி காத்து ரொம்பப் பிரியுதுன்னா, பாலிஎத்திலீன் கிளைகால் பொடியை டம்ளர் தண்ணில கரைச்சுக் குடிக்கிற மாதிரி மாத்தித் தரச் சொல்லுங்க.

பிசாகோடில் ரெண்டுன்னு மட்டும் எழுதாம ‘ரெண்டு நாள் போகலைன்னா மூணு’ன்னு மேல ஏற இடம் விட்டு டாக்டரை எழுதச் சொல்லுங்க. மார்பின் அளவு கூடும்போது இதுவும் கூடணும், யாரும் கூட்டுறதில்லை. அதே மாதிரி ரெண்டு தடவை இளக்கமா போயிட்டா உடனே பேதின்னு பயந்து மலமிளக்கியை ஒரேயடியா நிறுத்திடுறாங்க. நிறுத்தாதீங்க, பாதியாக் குறைங்க. முழுசா நிறுத்தினா நாலாம் நாள் கல்லு மாதிரி நிக்கும்.

---

தாமிரபரணி

மாத்திரை தவிர வீட்டு வைத்தியம் பத்தியும் சொல்லிருங்க. எங்க பக்கம் நிலாவரைப் பொடி, கடுக்காய்ப் பொடி, விளக்கெண்ணெய் மூணும் எல்லா வீட்டுலயும் இருக்கும். நிலாவரை திருநெல்வேலி, தூத்துக்குடி கரிசல் காட்டுல விளைஞ்சு வெளிநாடு போற சரக்கு. அங்க மலமிளக்கி மாத்திரையே அதுல இருந்துதான் செய்யுறாவ. அப்புறம் ஏன் பொடியையே கொடுக்கக் கூடாது? இசப்கோல் நல்லதுன்னும் நிறையப் பேர் சொல்லுதாவ.

---

மாத்திரைச்சீட்டு

நிலாவரை பற்றி நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. அதன் இலையிலும் காயிலும் உள்ள சென்னோசைடு குடலைத் தள்ள வைக்கிறது. மார்பின் மலச்சிக்கலுக்கு உலகெங்கும் எழுதப்படும் மருந்துகளில் அது முன்வரிசை. பிசாகோடிலுக்குப் பதில் சென்னா மாத்திரை இரவில் இரண்டு என்று தொடங்குவதும் உண்டு. பொடியில் எனக்குள்ள தயக்கம் அளவு பற்றியது மட்டும். மாத்திரையில் இத்தனை மில்லிகிராம் என்று நிலையாக இருக்கும், அதை வைத்து ஏற்றலாம் இறக்கலாம். பொடியில் ஒரு டப்பாவுக்கும் அடுத்ததற்கும் வீரியம் மாறும், ஒருநாள் ஒன்றும் ஆகாது, மறுநாள் ஆறு தடவை போகும். மெலிந்து கிடப்பவருக்கு அந்த ஆறு தடவை பெரிய இழப்பு. சென்னா எடுத்தால் சிறுநீர் மஞ்சள் பழுப்பாகவோ சிவப்பாகவோ தெரியலாம், பயப்பட வேண்டாம்.

விளக்கெண்ணெய் வேண்டாம். வயிற்றை முறுக்கி நீரை ஒரேயடியாக வெளியேற்றும். உடம்பில் நீர் குறைந்தால் சிறுநீரகம் வழியாக மார்பின் கழிவு வெளியேறுவதும் குறையும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பின்னால் யாராவது விரிவாக எழுதுவார்கள்.

இசப்கோல் கண்டிப்பாக வேண்டாம். அது தண்ணீரை உறிஞ்சிப் பெருத்து, குடல் தள்ளினால்தான் நகரும். இங்கே தள்ளும் அசைவே மந்தம், நோயாளி நாளைக்கு நாலைந்து டம்ளர்கூடக் குடிப்பதில்லை. பெருத்த இசப்கோல் பிசின் உருண்டையாக அங்கேயே நின்று அடைக்கும். கீரையும் நார்ச்சத்தும் ஏராளமாகத் திணிப்பதும் இதே காரணத்தால் பயன் தராது. சாப்பிட முடிந்த அளவு பழம், ரசம், மோர், இளநீர் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு இளநீரும் வாழைப்பழமும் டாக்டரைக் கேட்டுத்தான், பொட்டாசியம் ஏறும்.

க்ரீமாஃபின் போன்ற வெள்ளை மலமிளக்கித் திரவங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அவற்றில் மக்னீசியமும் திரவ பாரஃபினும் இருக்கும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மக்னீசியம் உடம்பில் தங்கும். படுத்த படுக்கையாக, விழுங்கத் தடுமாறுபவருக்கு பாரஃபின் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம்.

---

வடமராட்சி

நல்ல இழை. ஒண்டு கேக்கவேணும். மூண்டு நாளா வயிறு போகேல்லை எண்டு இருந்த ஆள், நாலாம் நாள் தண்ணியாப் போகத் தொடங்கும். கட்டில் விரிப்பெல்லாம் நனையும். உடனே வீட்டாக்கள் வயித்தோட்டத்துக்குக் குளிசை வாங்கிக் குடுக்கினம். இது உண்மையான வயித்தோட்டமோ, இல்லை வேறையோ எண்டு வீட்டில எப்பிடிப் பிரிச்சு அறியிறது?

---

கொள்ளிடம்

கேட்டதுக்கு நன்றி. இதைத் தப்பாப் புரிஞ்சிக்கிட்டு எடுக்கிற முடிவு ஆளை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோயிடும். மலக்குடல்ல இறுகின கட்டி அடைச்சு நிக்கும். மேல இருந்து வர்ற தண்ணி மலம் அந்தக் கட்டியைச் சுத்திக் கசிஞ்சு வெளிய வரும். பார்க்கப் பேதி மாதிரி இருக்கும், உள்ள அடைப்பு அப்படியே இருக்கும். அதுக்கு லோபராமைடு மாதிரி பேதியை நிறுத்துற மாத்திரை கொடுத்தா இருக்கிற கொஞ்ச அசைவும் நின்னுடும்.

பிரிச்சறியிறது இப்படித்தான். முன்னாடி சில நாள் போகாம இருந்திருக்கும். இப்ப கொஞ்சம் கொஞ்சமா, அடக்க முடியாம, அவருக்கே தெரியாம கசியும். ஆனா வயிறு காலியான நிம்மதி இருக்காது. அடிவயித்துல இடது பக்கம் தொட்டா உருண்டையாத் தட்டுப்படலாம். நிஜப் பேதின்னா அளவு நிறைய இருக்கும், வயித்துல கடமுடன்னு சத்தம் கேட்கும், சேர்ந்து காய்ச்சலும் வரலாம். சந்தேகமா இருந்தா நர்ஸ் ஒருத்தர் கையுறை போட்டு விரலால பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

மூணு நாள் போகலைன்னா சப்போசிட்டரிக்கு (ஆசனவாய் வழியா வைக்கிற மருந்து) வந்துடணும். ரெண்டு விதம் இருக்கு, வேலையும் வேற. கிளிசரின் சப்போசிட்டரி மலத்தை வழுக்க வைக்கிறது, அதை மலத்துக்குள்ள குத்தி வெச்சாலும் சரி. பிசாகோடில் 10 மி.கி. சப்போசிட்டரி குடல் சுவர்ல ஒட்டினாத்தான் வேலை செய்யும், மலக்கட்டிக்குள்ள சொருகினா வீண். இடது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, வலது முழங்காலை மடக்கி, சப்போசிட்டரியைத் தண்ணில நனைச்சு (எண்ணெய், வாசலின் வேண்டாம்), விரல் நீளத்துக்கு உள்ளே தள்ளி, பக்கவாட்டுச் சுவர்ல சாய்ச்சு விடணும். 15 நிமிஷத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள உணர்வு வரும். காலைல காபி, பலகாரம் முடிச்ச கையோட வைங்க, சாப்பிட்டதும் பெருங்குடல் தானா அசையிற நேரம் அது. படுக்கையிலயே பெட்பேன் வைக்கிறதை விட, முடிஞ்சா கமோடு நாற்காலியில உட்கார வெச்சு, பாதத்துக்குக் கீழ ஒரு மணை போட்டு முழங்கால் இடுப்பை விட உசந்து இருக்கிற மாதிரி பண்ணுங்க. நம்ம ஊர் உட்காருற நிலைக்கு அது கிட்ட வரும்.

ரெண்டு பேருக்கு இது எதுவுமே வீட்டில வேண்டாம். கீமோ நடந்து ரத்தத்துல வெள்ளையணுவோ தட்டணுவோ குறைஞ்சிருக்கிறவங்களுக்கு ஆசனவாய் வழியா எதுவும் வைக்கக் கூடாது. சின்னக் கீறல் போதும், ரத்தப்போக்கோ கிருமித் தொற்றோ வந்துடும். அடுத்தது, வயிறு உப்பி, வாந்தியும் எடுத்து, காத்தே பிரியலை, விட்டு விட்டு முறுக்கி வலிக்குதுன்னா அது குடல் அடைப்பா இருக்கலாம். அப்ப பிசாகோடில், சென்னா ரெண்டையும் நிறுத்திட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரி.

---

ரெண்டாம்வார்டு

கொள்ளிடம் சிஸ்டர் எழுதியதில் சேர்க்க ஒன்றும் இல்லை. பாஸ்பேட் எனிமாவைக் கடையில் வாங்கி வீட்டிலேயே போடுகிறார்கள் என்பதால் ஒரு வரி: சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவருக்கும் தளர்ந்த முதியவருக்கும் அது ஆபத்து, ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி கால்சியம் சரியும்.

குமட்டலுக்கு வருகிறேன். மார்பின் மூளையில் வாந்தியைத் தூண்டும் இடத்தை உசுப்புகிறது, இரைப்பை காலியாவதையும் தாமதமாக்குகிறது. எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் முதல் வாரத்தில் வரும், தானாகத் தணியும். அந்த ஒரு வாரத்தைத் தாண்ட மருந்து வேண்டும். இரவில் ஹாலோபெரிடால் அரை முதல் ஒன்றரை மி.கி. வரை எழுதுவது வழக்கம். கடையில் ‘இது மனநோய் மாத்திரையாச்சே’ என்று சொல்லக் கேட்டுப் பல வீடுகள் அதைப் பிரிக்காமலே வைத்துவிடுகின்றன. இவ்வளவு குறைந்த அளவில் அது வாந்திக்கான மருந்து. சாப்பிட்ட கொஞ்சத்திலேயே வயிறு நிரம்பி, நெஞ்சில் எதுக்களித்து வாந்தி வருகிறது என்றால் இரைப்பை மந்தம். அதற்கு மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. உணவுக்கு அரை மணி நேரம் முன் கேட்கும். பார்கின்சன் நோய் உள்ளவருக்கு இந்த இரண்டுமே ஆகாது, டாம்பெரிடோன் பார்ப்போம். ஹாலோபெரிடாலையும் மெட்டோகுளோபிரமைடையும் சேர்த்து நீங்களாகக் கொடுக்காதீர்கள், கழுத்தும் தாடையும் இறுகிக்கொள்ளும்.

கீமோ வாந்திக்குக் கொடுத்த ஆன்டன்செட்ரான் வீட்டில் மிச்சம் இருக்கும், அதையே எடுத்துக் கொடுப்பார்கள். அது மலச்சிக்கலைக் கூட்டும். மலம் கட்டினாலும் குமட்டும். இப்படி ஒரு சுழலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வாந்தி மாத்திரையை விட மோஷன் போவதே பெரிய மருந்து. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு புதிதாகக் குமட்டல் தொடங்கினால் மார்பின் மேல் பழி போடுவதற்கு முன் மலச்சிக்கல், ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, சிறுநீரகக் கோளாறு, தலையில் நோய் பரவல் என்று வேறு காரணம் தேட வேண்டும்.

---

வேப்பங்காற்று

தூக்கம் பற்றிச் சொல்லுங்கள் டாக்டர். எது இயல்பான தூக்கம், எது அளவு மீறியது என்று பராமரிக்கிறவர்களுக்குப் பிரித்துச் சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும். மூச்சு நின்றுவிடும் என்ற பயத்தில்தான் பல வீடுகளில் இரவு மாத்திரையைத் தவிர்க்கிறார்கள்.

---

ரெண்டாம்வார்டு

முதல் இரண்டு மூன்று நாள் தூக்கம் வருவது எதிர்பார்த்ததே. வாரக்கணக்கில் வலியால் தூங்காதவர் வலி விட்டதும் தூங்குகிறார், அந்தக் கடனும் இதில் சேர்ந்திருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண் திறக்கிறார், கேட்டதற்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார், வாயில் வைத்ததை விழுங்குகிறார் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. அளவு கூட்டிய பிறகும் இதே போல ஓரிரு நாள் வரும். அந்த நாட்களில் வண்டி ஓட்டக் கூடாது.

பேசிக்கொண்டிருக்கும்போதே வாக்கியத்தின் நடுவில் கண் சொருகுவது, தோளைத் தட்டினால்தான் விழிப்பது, விழித்ததும் மறுபடி சரிவது, இதெல்லாம் எச்சரிக்கை. மார்பினில் மூச்சு குறைவதற்கு முன் தூக்கம் ஆழமாகும். ஆகவே தூக்கத்தின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு குறைவதற்குள் தலையிட நேரம் கிடைக்கும். கண்பாவை ஊசிமுனை போல் சுருங்கியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், சரியான அளவில் எடுப்பவருக்கும் அப்படித்தான் இருக்கும்.

மூச்சை எண்ண: ஆளைத் தொடாமல், நெஞ்சோ வயிறோ ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்காதீர்கள். நிமிடத்துக்கு 8 அல்லது அதற்கும் குறைவு, எழுப்பவும் முடியவில்லை என்றால் அடுத்த வேளை கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வருகிறவர்களிடம் மார்பின் எவ்வளவு, கடைசியாக எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். நாலோக்சோன் ஊசி இதை முறிக்கும். புற்றுநோய் வலி உள்ளவருக்கு அதை 10 மில்லியாகக் கரைத்து, மூச்சு சீராகும் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். ஒரே மூச்சில் ஏற்றினால் மூச்சோடு சேர்ந்து மொத்த வலியும் திரும்பிவிடும். ஆகவே வலிக்காகத்தான் மார்பின் எடுக்கிறார் என்பதை அவர்களிடம் சொல்வது முக்கியம்.

இதையெல்லாம் விட முக்கியமானது, சரியாக இருந்தவர் ஏன் திடீரென்று மயங்குகிறார் என்ற கேள்வி. அளவு மாறாமல் நிலைமை மாறியிருந்தால் காரணம் மார்பினுக்கு வெளியே இருக்கும்.

அதிகம் காண்பது சிறுநீரகம். கல்லீரல் மார்பினை மாற்றி உண்டாக்கும் பொருள்களில் ஒன்று மார்பினை விட வீரியமானது, சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். பேதி, வாந்தி, காய்ச்சல், வெயில், தண்ணீர் குடிக்காதது என்று எதனால் சிறுநீர் குறைந்தாலும் அது உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். முதலில் தூக்கம், பிறகு கை கால் வெட்டி இழுப்பது, டம்ளர் கையிலிருந்து துள்ளி விழுவது, இல்லாத ஆட்களைப் பார்ப்பது. இந்த வெட்டி இழுப்பைப் பார்த்து வலி கூடிவிட்டது என்று இன்னொரு மாத்திரை கொடுப்பவர்கள் உண்டு. நேர்மாறான சிகிச்சை அது. உடனே கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மார்பின் அளவைக் குறைத்து, நாலு மணி இடைவெளியை ஆறு, எட்டு மணி நேரமாக விரிப்போம். மிகவும் மோசமென்றால் ஃபெண்டனில் என்ற வேறு வலி மருந்துக்கு மாறுவோம்.

சிறுநீரகத்தைக் கெடுப்பதில் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டன், நீர் பிரிய ஃப்யூரோசமைடு எடுப்பவருக்கு மூன்றாவதாக டைக்ளோஃபினாக் சேர்ந்தால் சில நாளிலேயே சிறுநீரகம் முடங்கலாம். அதன் தொடர்ச்சியாக மார்பின் ஏறும். கடைசியில் பழி மார்பினுக்கு.

இரண்டாவது காரணம் தூக்கத்தைக் கூட்டும் கூட்டாளி மருந்துகள்: பதற்றத்துக்குத் தரும் அல்பிரசோலம், பிரிகாபலின், கபாபென்டின், சளிக்குக் கொடுக்கும் தூக்க மருந்துகள், மது. பிரிகாபலினை நரம்பு வலிக்காக நாங்களே சேர்ப்போம், ஆனால் ஒரே நாளில் இரண்டின் அளவையும் கூட்ட மாட்டோம். வேறு டாக்டரிடம் போகும்போது எல்லாச் சீட்டையும் எடுத்துப் போங்கள்.

மூன்றாவது, வலி குறைந்துபோவது. எலும்பில் பரவிய நோய்க்குக் கதிர்வீச்சு கொடுத்தால் ஓரிரு வாரத்தில் வலி இறங்கத் தொடங்கும். வலி இருக்கும்வரை அது தூக்கத்துக்கும் மூச்சுக் குறைவுக்கும் எதிராக நிற்கும். வலி இறங்கி மார்பின் அதே அளவில் போனால் அதுவரை ஒத்துக்கொண்டிருந்த அளவே மிகையாகிவிடும். ஆகவே கதிர்வீச்சு முடிந்த வாரங்களில் வலி எப்படி என்று நீங்களே டாக்டருக்குச் சொல்லுங்கள்.

மூச்சு நிற்கும் பயம் பற்றி: சரியான அளவில் தொடங்கி, வலியைப் பார்த்துப் படிப்படியாகக் கூட்டிய மார்பினால் மூச்சு நின்றுபோவது அரிது. நோயின் கடைசி நாட்களில் மூச்சு விட்டு விட்டு வரும், இழுக்கும், இடையில் நிற்கும். அது நோயின் போக்கு. அந்த நேரத்தில் கடைசி மாத்திரையைக் கொடுத்த மகளோ மருமகளோ அந்தப் பாரத்தைப் பல வருடம் சுமக்கிறார்கள். அப்படிச் சுமக்க வேண்டியதில்லை என்பதைச் சிகிச்சை தொடங்கும்போதே எல்லோருக்கும் சொல்லிவிடுவது எங்கள் வேலை.

---

வேப்பங்காற்று

நன்றி டாக்டர். மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் ஃபெண்டனில் பட்டை போட்டவர்களுக்கும் இதே கணக்கா?

---

மாத்திரைச்சீட்டு

ஃபெண்டனில் பட்டையில் மலச்சிக்கல் மார்பினை விடக் குறைவு, ஆனால் வேறு பிசகுகள் உண்டு. மணிக்கு 25 மைக்ரோகிராம் என்று எழுதிய பட்டை நாளொன்றுக்கு 60 மி.கி. வாய்வழி மார்பினுக்கு இணையான அளவு. மார்பின் வகை மருந்தே எடுத்திராதவருக்கு முதல் மருந்தாக இதை ஒட்டக் கூடாது.

ஒட்டியதும் வலி குறையாது. தோலுக்கு அடியில் சேர்ந்து ரத்தத்தில் நிலைபெற 12 முதல் 24 மணி நேரம் ஆகும், அதுவரை பழைய மாத்திரை எப்படிப் போக வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கழற்றிய பிறகும் அதே போல, தோலில் தங்கியது பல மணி நேரம் இறங்கிக்கொண்டிருக்கும். மயக்கம் என்று பட்டையைப் பிய்த்துவிட்டு ‘இனிச் சரியாகிவிடும்’ என்று தூங்கப் போகாதீர்கள், ஒரு நாள் முழுக்கக் கவனிக்க வேண்டும்.

சூடு இதற்கு எதிரி. சூடு பட்டால் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். பட்டை மேல் வெந்நீர்ப் பை, ஒத்தடம், கொதிக்கும் நீரில் குளியல், வெயிலில் உட்காருவது எதுவும் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள். ஒட்டும் இடத்தில் முடி இருந்தால் கத்தரியால் வெட்டுங்கள், சவரம் செய்தால் கீறல் வழியே அதிகம் ஏறும். வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாக உலர்த்தி, 30 நொடி உள்ளங்கையால் அழுத்துங்கள். சோப்பு, எண்ணெய், பவுடர் வேண்டாம். வேர்வையில் கழன்றால் ஓரங்களில் மட்டும் மருத்துவ டேப். பட்டையை வெட்டிப் பாதியாக ஒட்டுவது கூடாது. மூன்று நாளுக்கு, அதாவது 72 மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றி ஒட்டி, தேதியை நோட்டில் எழுதுங்கள். பழையதைக் கழற்றாமல் புதியதை ஒட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு, முதுகில் ஒட்டியிருந்தால் கண்ணில் படாது. கழற்றியதை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி மடித்துவிடுங்கள். அதில் இன்னும் மருந்து மிச்சம் இருக்கும், குழந்தை கையில் கிடைத்தால் உயிருக்கே ஆபத்து.

வாய்ப்பூஞ்சைக்கு ஃப்ளூகோனசோல், சளிக்கு கிளாரித்ரோமைசின் எழுதினால் பட்டை ஒட்டியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். இவை ஃபெண்டனில் சிதைவதைத் தடுத்து அதன் அளவை ஏற்றும்.

---

கொள்ளிடம்

சின்னச் சின்னத் தொந்தரவுகளும் இருக்கு. வாய் உலர்றது மார்பின் இருக்கிற வரைக்கும் இருக்கும். ஒரேயடியாக் குடிக்கிறதை விட அரை மணிக்கு ஒரு தடவை ரெண்டு ஸ்பூன் தண்ணி, ஐஸ் துண்டு, சீசன்ல நுங்கு. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணில கால் டீஸ்பூன் சமையல் சோடாவும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு நாளைக்கு நாலு தடவை கொப்பளிக்கலாம். அன்னாசித் துண்டு சப்பினா எச்சில் ஊறும், வாயில புண் இருந்தா வேண்டாம். நாக்குல வெள்ளைப் படலம் இருந்து, துடைச்சா உரிஞ்சு வந்து அடியில சிவந்து தெரிஞ்சா அது பூஞ்சையா இருக்கலாம், அதுக்குத் தனி மருந்து.

ஒண்ணுக்குப் போறது திடீர்னு நின்னு அடிவயிறு உப்பி, ஆள் நெளியிறார்னா மூத்திரப்பை நிறைஞ்சிருக்கலாம். ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிற வயசானவங்களுக்கு இது வரும். பேச முடியாதவங்க நெளிஞ்சா வலின்னு நினைச்சு மார்பினைக் கூட்டிடாதீங்க, மொதல்ல அடிவயித்தைத் தொட்டுப் பாருங்க. மலக்கட்டி அழுத்துறதாலயும் வரும், ரெண்டையும் சேர்த்துப் பார்க்கணும்.

ரைல்ஸ் ட்யூப் (மூக்கு வழியா வயித்துக்குப் போற குழாய்) வழியாக் கொடுக்கிறவங்க சாதாரண மார்பின் மாத்திரையைப் பொடிச்சுக் கரைக்கலாம். எஸ்.ஆர். போட்டிருக்கிற 12 மணி நேர மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. 12 மணி நேரத்து மருந்து ஒரே நேரத்துல இறங்கிடும்.

---

தாமிரபரணி

எல்லாம் சரிதான், ஆனா இத்தனை தொந்தரவு இருக்கும்போது வலி கொஞ்சம் குறைஞ்சதும் மாத்திரையை நிறுத்திருதது நல்லதுல்லா? இல்லன்னா பழக்கமாயிருமேன்னு பயப்படுதாவ.

---

ரெண்டாம்வார்டு

திடீரென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, வயிற்று முறுக்கு, வேர்வை, தூக்கமின்மை எல்லாம் வரும். சில வாரங்கள் தொடர்ந்து எடுத்த யாருக்கும் வரும். உடம்பு அந்த மருந்துக்கு ஒத்துப்போனதன் விளைவு அது, போதை அடிமைத்தனம் அல்ல. ஸ்டீராய்டு மாத்திரையையும் இப்படித் திடீரென்று நிறுத்த முடியாது. அடிமைப்பட்டவர் தீங்கு தெரிந்தும் வலி இல்லாத நேரத்திலும் மருந்தைத் தேடுவார். வலி நோயாளி வலி இறங்கினால் அவரே குறைக்கச் சொல்கிறார். வலி குறைந்திருந்தால் சொல்லுங்கள், நாட்கணக்கில் படிப்படியாக இறக்கி நிறுத்தலாம். ஒவ்வொரு படியிலும் வலி திரும்புகிறதா என்று பார்த்துத்தான் அடுத்த படி.

வாந்தியால் ஒரு வேளை போனதா? விழுங்கி சில நிமிடத்திலேயே மாத்திரை முழுதாக வெளியே வந்தது கண்ணில் பட்டால் மறுபடி கொடுக்கலாம். அரை மணி நேரம் தாண்டியிருந்தால் திரும்பக் கொடுக்காமல் அடுத்த வேளைக்குக் காத்திருங்கள், இடையில் வலி வந்தால் திடீர் வலிக்கு எழுதிய அளவு இருக்கிறது. நாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு என்று அது கணக்கிடப்பட்டிருக்கும். அதைச் சீட்டில் தனியாக எழுதி வாங்குங்கள்.

---

வடமராட்சி

டிராமடோல் குடிக்கிற ஆக்களுக்கும் இதே முறை பொருந்துமோ?

---

மாத்திரைச்சீட்டு

மலச்சிக்கல், குமட்டல் வரை பொருந்தும். மலச்சிக்கல் கொஞ்சம் குறைவு, குமட்டல் அதிகம். தனியாகக் கவனிக்க வேண்டியது வலிப்பு. நாளொன்றுக்கு 400 மி.கி. உச்சவரம்பு, அதைத் தாண்டினாலோ ஏற்கெனவே வலிப்பு நோய் இருந்தாலோ ஆபத்து. மனச்சோர்வுக்கு எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் எடுப்பவருக்கு டிராமடால் சேர்ந்தால் நடுக்கம், வேர்வை, பதற்றம், வேகமான நாடித்துடிப்பு வரலாம். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்குவதும் உண்டு. பாரசிட்டமால் கலந்த டிராமடால் மாத்திரை எடுத்தால் தனியாக எடுக்கும் பாரசிட்டமாலையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். மொத்தம் நாளைக்கு 4 கிராமைத் தாண்டக் கூடாது, மெலிந்து சாப்பிடாமல் இருப்பவருக்கு அதைவிடக் குறைவாக டாக்டர் சொல்லும் அளவு.

மருந்து கிடைப்பது பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இருப்பு தீர்ந்துபோனால் மேலே டாக்டர் சொன்ன திடீர் நிறுத்தத் தொந்தரவு அத்தனையும் வரும். இந்தியாவில் மார்பின் 1985 ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது. 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் ஒரே விதிமுறையில் வைத்திருந்து கொடுக்கலாம். 2018 முதல் டிராமடாலும் இந்தச் சட்டத்துக்குள் வந்துவிட்டது. தெருமுனை மருந்துக் கடையில் மார்பின் இருக்காது, எழுதிக் கொடுத்த மருத்துவமனையிலேயே வாங்க வேண்டியிருக்கும். ஐந்து நாளுக்கான மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்த சீட்டுக்குப் போங்கள், பொங்கல், தீபாவளி விடுமுறை வந்தால் இன்னும் முன்னதாக. தமிழ்நாட்டில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி, 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வலி நிவாரண ஆதரவு சிகிச்சைச் செவிலியரை வீட்டுக்கு வரச் சொல்லிக் கேளுங்கள்.

சீட்டுக்குப் போகும்போது ஒரு நோட்டு கொண்டுபோங்கள்: எந்தெந்த நாள் மோஷன் போனது, எப்படிப் போனது, திடீர் வலி மாத்திரை நாளைக்கு எத்தனை தடவை தேவைப்பட்டது, பகலில் எத்தனை மணி நேரம் தூக்கம், சிறுநீர் குறைந்ததா. மீந்த மாத்திரையைப் பூட்டி வையுங்கள். தேவை முடிந்துவிட்டால் குப்பையில் போடாமல், வேறு யாருக்கும் கொடுக்காமல், வாங்கிய மருத்துவமனையிலேயே ஒப்படைத்துவிடுங்கள்.